அச்சு மையில் சிவப்பு: நிறமியைத் தேரும் முறை

தமிழில் செம்மை என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செந்தாமரை, செவ்வானம் என்று சொல்லும்போது அது நிறத்தைக் குறிக்கிறது. செங்கோல், செந்தமிழ் என்று சொல்லும்போது நேர்மையையும் சிறப்பையும் குறிக்கிறது. அச்சுத் தொழிலில் இவ்விரு செம்மைகளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றும் சிவப்பு மை, பயனுக்கு வரும்போது செம்மை தவறிவிடுவதுண்டு.

வகுப்பறைச் சுவரில் மாட்டிய வண்ணப் படம் ஓராண்டுக்குள் நீலம் பூத்து வெளிறிவிடுவதை ஆசிரியர்கள் பலர் பார்த்திருப்பார்கள். படத்திலுள்ள மனிதர்களின் முகத்தில் இரத்த ஓட்டமே இல்லாததுபோல் தோன்றும். நீலமும் கறுப்பும் நிற்க, சிவப்பும் மஞ்சளும் மறைந்துவிட்டதே அதற்குக் காரணம். சோப்புக் கட்டியின் உறையில் இருந்த சிவப்பெழுத்து கசிந்து, கட்டியின் மேல் இளஞ்சிவப்புக் கறையாகப் படிவதும் உண்டு. இரண்டு இடத்திலும் அச்சடித்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்ல முடியாது. மையும் மட்டமானதாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேலைக்குப் பொருத்தமான சிவப்பு, பொருந்தாத மற்றொரு வேலைக்குச் சென்றுவிட்டது; அவ்வளவே.

ஆகவே, "சிவப்பு நிறமிகளுள் சிறந்தது எது?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "இந்த அச்சுத்தாள் எங்கே போகப் போகிறது? எதைத் தொடப் போகிறது? எத்தனை நாள் இருக்கப் போகிறது?" என்று கேட்டால் விடை உண்டு. அவ்விடையை அடையும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

சாயமும் நிறமியும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். பேச்சு வழக்கில் நிறந்தரும் பொருள் எல்லாவற்றையும் சாயம் என்கிறோம். அறிவியல் வழக்கில் சாயம் வேறு, நிறமி வேறு. சாயம் நீரிலோ வேறு நீர்மத்திலோ கரையும்; கரைந்து நூலிழைக்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். நிறமி கரையாது. நுண்ணிய தூளாகவே இருந்து, எண்ணெயிலோ பிசினிலோ மிதந்து, பூசிய இடத்தில் படிந்து நிற்கும். துணிக்கு வேண்டியது சாயம். அச்சு மைக்கு வேண்டியது நிறமி.

சாயத்தை நிறமியாக மாற்றவும் இயலும். கரையும் சாயத்தோடு ஓர் உலோக உப்பைச் சேர்த்தால், இரண்டும் கூடிக் கரையாத வீழ்படிவாக இறங்கும். இவ்வகை நிறமிக்கு ஆங்கிலத்தில் 'லேக்' என்று பெயர். ஏரியைக் குறிக்கும் சொல்லோடு இதற்கு உறவில்லை. அரக்கைக் குறிக்கும் 'லாக்' என்னும் சொல்லின் திரிபு இது. அதற்கு மூலம் வடமொழியின் 'லாக்ஷா'. அரக்குப் பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயத்தைப் படிகாரத்தோடு சேர்த்து நிறமியாக்கிய பழைய தொழிலின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. தமிழகக் கடற்கரையிலும் சாயவேரின் செந்நிறத்தைப் படிகாரத்தின் துணைகொண்டு துணியில் நிலைநிறுத்தினர். உலோகத்தைக் கூட்டிச் சிவப்பை நிலைக்கச் செய்யும் நுட்பம் நம் முன்னோருக்குப் புதிதன்று. இன்றைய அச்சு மைச் சிவப்புகளுட் பெரும்பாலானவை அந்நுட்பத்தின் வழித்தோன்றல்களே.

மண்ணிலிருந்து வரும் காவி, பாதரசமும் கந்தகமும் கூடிய சாதிலிங்கம் ஆகியவை கனிமச் சிவப்புகள். காவி மங்கலானது. சாதிலிங்கம் பளிச்சென்றது, ஆயினும் கனமானது, விலை மிகுந்தது, பாதரசம் கொண்டது. மெல்லிய படலமாக, ஒளி ஊடுருவும்படி, வலிய நிறத்தோடு அச்சடிக்க வேண்டுமானால் கரிமச் சேர்மங்களான நிறமிகளையே நாட வேண்டியிருக்கிறது.

ஆப்செட் அச்சு கேட்பது என்ன?

பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனெஃபெல்டர் 1798 வாக்கில் கல்லச்சு முறையை உருவாக்கினார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, கல்லை நனைத்து, மையுருளையை ஓட்டினால், எழுதிய இடம் மட்டும் மையை ஏற்கும். ஈரமான இடம் மையைத் தள்ளும். மேடும் பள்ளமும் வேண்டியதில்லை.

பின்னர்க் கல்லின் இடத்தில் மெல்லிய உலோகத் தகடு வந்தது. 1904 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்பவர், தகட்டிலிருந்து நேராகத் தாளில் பதிப்பதைவிட, ரப்பர் விரிப்பில் பதித்து அங்கிருந்து தாளுக்கு மாற்றினால் எழுத்து தெளிவாக விழுவதைக் கண்டு பயன்படுத்தினார். தகட்டில் தோன்றிய உருவம் ரப்பரில் மறுபடி தோன்றித் தாளுக்கு வருவதால், ஆப்செட் முறையை மறுதோன்றி அச்சு எனத் தமிழில் வழங்குவர்.

இம்முறை சிவப்பு நிறமிக்கு மூன்று கட்டளைகளை இடுகிறது.

முதற் கட்டளை, நிறவலிமை. ஆப்செட் அச்சில் தாளின்மேல் நிற்கும் மைப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதரின் தலைமயிர் இதைப்போல் பல பத்து மடங்கு தடிப்புடையது. இத்துணை மெல்லிய படலத்தில் முழு நிறமும் தோன்ற வேண்டும். ஆகவே மையின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை நிறமியைச் சேர்க்கின்றனர். வலிமை குறைந்த நிறமியானால் இன்னும் கூட்டிச் சேர்க்க வேண்டும். அப்போது மை இறுகி, உருளைகளில் ஓட மறுக்கும்.

இரண்டாவது, ஒளி ஊடுருவும் தன்மை. நான்கு வண்ண அச்சில் மஞ்சள், மெஜந்தா, சியான், கறுப்பு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கிறோம். மெஜந்தா என்பது நீலச் சாயலுள்ள சிவப்பு. அதுவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் செஞ்சிவப்பு. சியானோடு சேர்ந்தால் நீலம். மேலே விழும் மை அடியிலுள்ள மையை மறைத்தால் இக்கலப்பு நிகழாது.

மூன்றாவது, நீரோடு பழகும் பண்பு. கல்லச்சின் வழிவந்த ஆப்செட் எந்திரத்தில் தகட்டை ஓயாமல் நனைக்க வேண்டும். நனைக்கும் நீரில் கருவேலம் பிசின் போன்ற கோந்தும், சிறிதளவு அமிலமும் கலந்திருக்கும். அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 5-ஐ ஒட்டி நிற்கும். மை நிமிடத்திற்கு நிமிடம் இந்நீரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஓரளவு நீரை உள்வாங்கவும் செய்கிறது. அளவோடு வாங்கினால் நன்று. மிகுதியாக வாங்கினால் மை குழைந்து நிறம் மங்கும். நிறமியின் ஒரு சிறு பகுதி நீரில் கரைந்தாலும், நனைக்கும் நீர் இளஞ்சிவப்பாகி, எழுத்தில்லாத வெள்ளைப் பகுதியிலும் செம்மங்கல் படரும்.

இம்மூன்று கட்டளைகளுக்கும் பணிந்து, விலையிலும் அடங்கி நிற்கும் சிவப்புகள் மிகச் சிலவே.

ரூபின் பிறக்கும் விதம்

அச்சிலுவுள் முதலிடம் பெற்றது ரூபின் என்னும் சிவப்பு. லிதால் ரூபின் என்பது அதன் பழைய வணிகப் பெயர். நிறப்பொருள்களின் பன்னாட்டுப் பட்டியலில் அதன் பெயர் பிக்மெண்ட் ரெட் 57:1. ஜெர்மனியில் 1903-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இந்நிறமி, இன்றும் நான்கு வண்ண ஆப்செட் அச்சின் வழக்கமான மெஜந்தாவாக இருந்து வருகிறது. கையில் உள்ள வண்ண இதழைப் புரட்டினால் காணும் சிவப்பு பெரும்பாலும் இதுவே.

இதன் பிறப்பை அறிந்தால் இதன் குணமும் குறையும் தாமே விளங்கும். இது அசோ நிறமி வகையைச் சேர்ந்தது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து, இருபுறமும் கரிம வளையங்களைத் தாங்கி நிற்பது அசோ அமைப்பு. இதற்கு வழி திறந்தவர் பீட்டர் கிரீஸ் என்னும் ஜெர்மானியர். டையசோ சேர்மங்களை 1858-இல் கண்டறிந்த அவர், பின்னர் இங்கிலாந்தில் ஒரு பியர் ஆலையில் வேதியியலாராகப் பணியாற்றியவர் என்பது சுவையான செய்தி.

ரூபின் செய்வதற்கு இரண்டு மூலப்பொருள்கள் வேண்டும். ஒன்று 4பி அமிலம் எனப்படும் அமீன். மற்றொன்று பான் அமிலம் எனச் சுருக்கமாக வழங்கும் நாஃப்தலீன் வழிப் பொருள். முதலாவதை உறைநிலைக்கு அருகிலுள்ள குளிர்ந்த நீரில் வைத்து, சோடியம் நைட்ரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து டையசோ ஆக்குவர். இரண்டாவதைக் காரத்தில் கரைத்து அதனோடு இணைப்பர். இணைந்த நொடியில் சிவப்பு தோன்றும். அப்போது அது சோடியம் உப்பு. நீரில் ஓரளவு கரையும் தன்மையுடையது. அதில் கால்சியம் குளோரைடை ஊற்றினால் சோடியம் விலகக் கால்சியம் வந்தமரும். கரையாத, நீலச் சாயலுள்ள செந்நிற வீழ்படிவு இறங்கும். இதுவே ரூபின்.

உலோகம் மாறினால் நிறமும் மாறும் என்பது இவ்வகை நிறமிகளின் வியப்பான இயல்பு. ரூபினின் உறவான பிக்மெண்ட் ரெட் 48 என்னும் சிவப்பில் பேரியத்தைச் சேர்த்தால் மஞ்சள் சாயலான சிவப்பு கிடைக்கும். கால்சியத்தைச் சேர்த்தால் நீலச் சாயலான சிவப்பு கிடைக்கும். பட்டியலில் முன்னது 48:1, பின்னது 48:2, ஸ்ட்ரான்ஷியம் சேர்ந்தது 48:3, மாங்கனீஸ் சேர்ந்தது 48:4. இங்கே ஓர் எச்சரிக்கை. முக்காற்புள்ளிக்குப் பின்வரும் எண் எல்லா நிறமிக்கும் ஒரே உலோகத்தைக் குறிப்பதில்லை. 48:1 பேரியம், 57:1 கால்சியம். எண்ணை மட்டும் பார்த்து உலோகத்தை ஊகிப்பவர் ஏமாறுவர்.

வீழ்படிவு இறங்கும் வேளையில் பைன் மரப் பிசினின் சோப்பையும் சேர்ப்பதுண்டு. அது படிகங்கள் பெரிதாக வளராமல் தடுக்கும். துகள் சிறிதானால் நிறவலிமை கூடும். ஒளியும் எளிதில் ஊடுருவும். ஆனால் சிறு துகளுக்கு மேற்பரப்பு மிகுதி. மேற்பரப்பு மிகுந்தால் அதை நனைக்க அதிக எண்ணெய் வேண்டும். வெயிலும் நீரும் தாக்குவதற்கும் இடம் அதிகமாகும். எனவே ஒளி ஊடுருவும் தன்மையைக் கூட்டினால் வெயில் தாங்கும் திறன் குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த உண்மை நிறமித் தேர்வில் எல்லா இடத்தும் ஒலிக்கக் காணலாம்.

வடிகட்டிய ஈரக் கட்டியை உலர்த்தித் தூளாக்கலாம். அல்லது உலர்த்தாமலே வார்னிஷோடு சேர்த்துப் பிசையலாம். பிசையப் பிசைய நிறமித் துகள் நீரைக் கைவிட்டு எண்ணெய்க்குள் புகும். நீர் தனியே பிரிந்து வெளியேறும். உலர்த்தும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதை இம்முறை தவிர்க்கிறது. ஆகையால் இப்படிச் செய்த மையில் நிறம் தெளிவாக இருக்கும்.

ரூபினின் நிறையும் குறையும்

ரூபினின் நிறைகளை முதலில் சொல்வோம். நிறவலிமை மிகுந்தது. நன்கு ஒளி ஊடுருவச் செய்யலாம். எண்ணெயில் கரைந்து கசிவதில்லை. மூலப்பொருள்கள் எளியவை, ஆதலால் விலையும் அடக்கமானது. ஆப்செட் மைகளின் நிறத்துக்கும் ஒளி ஊடுருவலுக்கும் வரையறை தரும் ஐஎஸ்ஓ 2846-1 என்னும் பன்னாட்டுத் தரத்தின் மெஜந்தாவை இதனால் அடைய முடிகிறது.

இனிக் குறைகள். முதற்குறை நிறத்திலேயே இருக்கிறது. குறைவற்ற மெஜந்தா, ஒளியின் பச்சைப் பகுதியை மட்டும் விழுங்கி, நீலத்தையும் சிவப்பையும் திருப்பியனுப்ப வேண்டும். ரூபின் நீலத்திலும் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ஆகவே அது சற்று மஞ்சள் கலந்ததுபோல் நடந்துகொள்ளும். சிவப்புக்கு இதனால் இடரில்லை. ஊதாவும் தூய இளஞ்சிவப்பும் வேண்டும்போதுதான் இடர். ஊதா அழுக்கேறித் தோன்றும். தாமரையின் நிறம் செங்கலின் பக்கம் சாயும்.

இரண்டாம் குறை, காரத்தையும் சோப்பையும் தாங்காமை. கால்சியத்தைப் பற்றிக்கொண்டதால் கரையாதிருக்கும் பொருள் இது என்று கண்டோம். சோப்பும் காரமும் அப்பிடியைத் தளர்த்தும். சோடியம் மீண்டும் வந்தமர இடம் கிடைத்தால், கரையும் பண்பும் மீண்டும் வரும். சோப்பு உறையில் சிவப்பு கசிவதற்கு இதுவே காரணம். பிறந்த வழியிலேயே நிறமி பின்னோக்கி நடக்கிறது எனலாம்.

மூன்றாம் குறை வெயில். நிறம் ஒளியைத் தாங்கும் திறனை அளக்க நீலக் கம்பளி அளவுகோல் ஒன்று உண்டு. வெவ்வேறு நீலச் சாயமேற்றிய 8 கம்பளித் துண்டுகளை அச்சுத்தாளோடு சேர்த்து ஒளியில் வைத்து, எந்தத் துண்டோடு ஒத்து அச்சு வெளிறுகிறது என்று பார்ப்பர். 1 மிகத் தாழ்ந்தது. 8 மிக உயர்ந்தது. ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காலம் தாங்கும். ரூபின் முழு நிறமாக அச்சிட்ட இடத்தில் 4 அல்லது 5 என்னும் படியை ஒட்டி நிற்கும். வெளிறிய நிறப் பகுதிகளில் அதனினும் தாழும். முகத்தின் நிறம் மெல்லிய புள்ளிகளால் ஆனது. ஆகையால் படத்தில் முகமே முதலில் வெளிறுகிறது.

நான்காவது, எந்திரத்தில் நேரும் ஒரு தொல்லை. தாளின் நிரப்பியாகச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட்டிலிருந்தும் மையின் நிறமியிலிருந்தும் கால்சியம் சிறிது சிறிதாக நனைக்கும் நீருக்குள் வரும். அங்குள்ள சில அமிலங்களோடு கூடிக் கரையாத உப்பாகி உருளைகளில் படியும். படிவு ஏறிய உருளை மையை ஏற்காமல் வழுக்கும். மெஜந்தாப் பகுதியில் இத்தொல்லையை மிகுதியாகக் காண்பர். இதற்கு நிறமியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மை, தாள், நனைக்கும் நீர் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மற்றைச் சிவப்புகள்

ரூபின் தவறும் இடங்களில் வேறு சிவப்புகள் கைகொடுக்கின்றன. அவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பேரியச் சிவப்புகளுள் பெயர் பெற்றது லேக் ரெட் சி, பட்டியலில் 53:1. கனலும் தணலும் போன்ற வெப்பமான, மஞ்சள் சாயலான சிவப்பு. விலை குறைந்தது. கொட்டை எழுத்துத் தலைப்புகளுக்கும் குறுகிய கால விளம்பரங்களுக்கும் ஏற்றது. வெயில் தாங்காது, சோப்பும் தாங்காது. இதில் பேரியம் உள்ளமையால், குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய பொருளுக்கு இதைத் தேருமுன் மிகவும் சிந்திக்க வேண்டும். விளையாட்டுப் பொருள்களிலிருந்து கரைந்து வரும் பேரியத்திற்கு ஐரோப்பியத் தரவிதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. ஒப்பனைப் பொருள்களில் இந்நிறமியைச் சேர்ப்பதற்கான இசைவை அமெரிக்க அரசு 1988-இல் நீக்கியது.

ரோடமின் சிவப்பு தனி அழகுடையது. ரோடமின் என்னும் பளிச்சிடும் சாயத்தை டங்ஸ்டன், மாலிப்டினம் ஆகியவற்றின் சிக்கலான அமிலங்களோடு சேர்த்து வீழ்படிவாக்கியது இது; பட்டியலில் 81. ரூபினால் எட்ட முடியாத தூய இளஞ்சிவப்பையும் ஊதாவையும் தர வல்லது. ஆனால் அழகு நில்லாது. நீலக் கம்பளி அளவுகோலில் இது 3 அல்லது 4 அளவிலேயே நிற்கும். ஆல்கஹால் போன்ற கரைப்பான் கலந்த வார்னிஷை மேலே பூசினால் நிறம் கசியும். விலையும் கூடுதல்.

நாஃப்தால் ஏஎஸ் எனும் குடும்பத்தில் 146, 170, 184 முதலிய எண்களையுடைய சிவப்புகள் உள்ளன. இவையும் அசோ நிறமிகளே. ஆனால் கரையாதிருப்பதற்கு உலோகத்தின் துணையை இவை நாடுவதில்லை. மூலக்கூறின் அமைப்பே கரையாமையைத் தருகிறது. பிடித்துக்கொள்ள உலோகம் இல்லாதபோது, சோப்பும் காரமும் எதைப் பறிக்கும்? ஆகவே சோப்பு, வெண்ணெய் முதலிய பொருள்களின் உறைகளுக்கு இவற்றை நாடுகின்றனர். 184 என்பது நிறத்தில் ரூபினை நெருங்கி வருவதால் நான்கு வண்ண அச்சிலும் அதற்கு மாற்றாகப் பயன்படுகிறது. விலை ரூபினைவிட மிகுதி. பென்சிமிடசோலோன் வகையைச் சேர்ந்த 185 என்னும் சிவப்பு, வெப்பத்தையும் தாங்குவதால் தகர டப்பாக்களின் அச்சுக்கு உகந்தது.

குவினாக்ரிடோன் குடும்பத்தை அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1958-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் 122 என்னும் எண்ணுடையது தெளிந்த மெஜந்தா. வெயிலைத் தாங்குவதில் மேற்சொன்ன அனைத்தையும் விஞ்சும். சோப்பும் காரமும் அதை அசைப்பதில்லை. அப்படியானால் எல்லா மையிலும் இதையே சேர்க்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். விலை ரூபினைப்போல் பல மடங்கு. நிறவலிமையோ ரூபினைவிடக் குறைவு. மெல்லிய ஆப்செட் படலத்தில் அதே அழுத்தமான நிறம் பெற மேலும் அதிகம் சேர்க்க வேண்டும், மை இறுகும். எனவே பல்லாண்டு வெளியில் நிற்க வேண்டிய சிறப்பு வேலைகளுக்கே இதை ஆப்செட் அச்சில் ஒதுக்குகின்றனர். கணினியோடு இணைந்த மைத்தாரை அச்சுப் பொறிகளில் இது மெஜந்தாவாகப் பெரிதும் புழங்குகிறது.

தேரும் வரிசை

இனித் தேர்வுக்கு வருவோம். கேள்விகளை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பது முதன்மையானது. நிறத்தை முதலிலும் விலையை அடுத்தும் கேட்டு, அத்துடன் நின்றுவிடுவோர் பலர். அவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

முதலில் அச்சின் விதியைக் கேட்க வேண்டும். அது எதைத் தொடும்? சோப்பையா, கொழுப்பையா, உணவையா, குழந்தையின் வாயையா? எத்தனை நாள் வெயிலில் நிற்கும்? மேலே வார்னிஷ் பூசுவார்களா, பிளாஸ்டிக் ஏடு ஒட்டுவார்களா? இவ்விடைகளே பட்டியலிலுள்ள பல நிறமிகளை நீக்கிவிடும். அடுத்து எந்திரத்தின் தேவை: நீரோடு பழகுமா, உருளையில் ஓடுமா? மூன்றாவதாக நிறம். இறுதியாக விலை.

நான்கு வேலைகளை எடுத்துக்கொள்வோம். பள்ளி ஆண்டு மலரின் உட்பக்கங்கள் மூடியே இருப்பவை, வெயில் படாது, சோப்பும் தொடாது. அங்கே ரூபின் முற்றிலும் போதும். அதற்கு விலையுயர்ந்த நிறமி கேட்பது வீண் செலவு. சோப்பு உறைக்கு ரூபின் கூடாது. நாஃப்தால் ஏஎஸ் சிவப்பு வேண்டும். வகுப்பறையிலும் வெளிச்சுவரிலும் பல்லாண்டு தொங்க வேண்டிய படத்துக்கு வெயில் தாங்கும் மை என்று குறிப்பிட்டே கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் அச்சகத்தார் வழக்கமான மெஜந்தாவையே ஏற்றுவர். மலர்களின் படத்தொகுப்பில் தாமரையும் ஊதா மலர்களும் உயிரோடு தோன்ற வேண்டுமானால், ஐந்தாவது நிறமாக ரோடமின் இளஞ்சிவப்பைச் சேர்க்கலாம். அந்நூலை வெயிலில் பரப்பி வைக்காமல் காக்க வேண்டும்.

உணவுப் பொட்டலம் பற்றித் தனியே ஒரு சொல். தூய்மைப்படுத்திய ரூபினைப் பாலாடைக் கட்டியின் மேற்றோலுக்கு நிறமூட்ட ஐரோப்பாவில் இ 180 என்னும் எண்ணில் அனுமதித்திருக்கின்றனர். உதட்டுச் சாயத்திலும் அது சேர்கிறது. இதைக் கேட்டு, அச்சு மையின் ரூபினும் உண்ணத் தக்கதே என்று எண்ணலாகாது. அச்சுக்குரிய தரம் வேறு, உணவுக்குரிய தரம் வேறு. மையில் நிறமியோடு எண்ணெயும் பிசினும் உலர்த்திகளும் உள்ளன; நிறமியில் மூலப்பொருளின் மிச்சமும் சிறிது இருக்கக்கூடும். ஆகவே உணவுறையின் உட்புறம் அச்சு படாதிருக்க வேண்டும். உணவுறைக்கென்றே செய்த மையைக் கேட்டு வாங்க வேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு கணக்கு. ஒரு நிறமி கிலோ 10 வெள்ளி. மற்றொன்று 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதன் நிறவலிமை முதலாவதில் 70 விழுக்காடானால், அதே நிறத்துக்கு அது 1.43 கிலோ வேண்டும். செலவு 11 வெள்ளி 40 காசுக்கு மேல் ஆகும். மலிவென்று வாங்கியதே விலை மிகுந்ததாக முடிகிறது. நிறமியின் விலையை எடையால் அளக்கலாகாது. அது தரும் நிறத்தால் அளக்க வேண்டும்.

சோதித்துத் தெளிதல்

சொல்லை நம்பி மையை வாங்குவதினும் சோதித்து வாங்குதல் நன்று. டப்பாவில் தெரியும் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாகாது. அங்கே மை தடித்திருப்பதால் எல்லாச் சிவப்பும் கறுத்தே தோன்றும். வேலைக்குரிய அதே தாளில், அதே தடிப்பில் அச்சிட்டு, இரண்டு மைகளையும் அருகருகே பகலொளியில் ஒப்பிட வேண்டும். நிறவலிமை அறியச் சிறிதளவு மையைப் பல மடங்கு வெள்ளை மையோடு கலந்து பார்க்கலாம். வலியது நிறம் நிற்கும், மெலிந்தது வெளுக்கும்.

சோப்பு, கொழுப்பு, காரம் ஆகியவற்றைத் தாங்குமா என்பதை அறிய ஐஎஸ்ஓ 2836 என்னும் தரம் வழி கூறுகிறது. அதன் சாரம் எளியது. சோதிக்க வேண்டிய பொருளில் நனைத்த வடிதாளை அச்சின்மேல் வைத்து, குறித்த காலம் எடையேற்றி அழுத்தி, வடிதாளில் சிவப்பு இறங்கியதா என்றும் அச்சின் நிறம் மாறியதா என்றும் பார்ப்பது. வெயிலைத் தாங்குமா என அறிய ஐஎஸ்ஓ 12040 என்னும் தரம் செனான் விளக்கொளியைப் பயன்படுத்துகிறது. ஆய்வுக்கூடம் இல்லாதவர் அச்சுத்தாளின் பாதியைக் கெட்டியான கறுப்பட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் சில வாரங்கள் வைத்துப் பார்க்கலாம். அட்டையை எடுத்ததும் இரு பாதிகளுக்கும் உள்ள வேற்றுமை தானே பேசும். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் மாணவர்களைக்கொண்டு செய்விக்கத்தக்க சோதனை இது, செலவும் இல்லை.

முடிவாக, அச்சகத்திற்குப் படியைக் கொடுக்கும்போது நாம் எழுத்துப் பிழைகளைப் பார்க்கிறோம். படங்களின் இடத்தைப் பார்க்கிறோம். அத்தோடு ஒரு வரி சேர்த்து எழுதித் தருவது நலம்: இது சுவரில் தொங்குவது, அல்லது இது சோப்பைச் சுற்றுவது, அல்லது இது குழந்தைகள் கையாளுவது என்று. அந்த ஒரு வரி கிடைத்தால் மை செய்வோர் உரிய நிறமியைத் தேர்ந்துகொள்வர். அது கிடைக்காவிட்டால் அவர் தருவது வழக்கமான சிவப்பாகவே இருக்கும். வழக்கமான சிவப்பு பல வேலைகளுக்கு நல்லது. எல்லா வேலைக்கும் நல்லதன்று.